மூன்று மணிக்கு எம்.பி. எங்கே இருக்க வேண்டும்?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் நாள்களில் பிற்பகல் நேரலையைப் பார்ப்பவர்களுக்கு அடிக்கடி எழும் ஆதங்கம் ஒன்று உண்டு. ஒரு முக்கியமான மசோதா மீது யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடக்கும். ‘ஓட்டுப் போட்டு அனுப்பினோமே, எங்கே போனார்கள் இவர்கள்?’ என்று கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும். சிலர் தொகுதிக்குப் போயிருப்பார்கள், சிலர் அமைச்சரைப் பார்க்கக் காத்திருப்பார்கள், சிலர் உண்மையிலேயே அக்கறை இல்லாமல் போயிருப்பார்கள். இவர்களைத் தவிர இன்னொரு வகையினரும் உண்டு. அவர்களைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அதே வளாகத்தில், கேமரா இல்லாத ஒரு குழு அறையில், ஒரு துறைச் செயலாளரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். ஒரே நேரத்துக்கு இரண்டு கடமைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இந்த நிலை ஏன் வருகிறது, இதனால் யாருக்கு என்ன இழப்பு, இதைச் சரிசெய்ய முடியுமா என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். காலி இருக்கைகளைப் பார்த்துக் கோபப்படுவது எளிது. அந்தக் கோபம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் குழு முறை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பொதுக்கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, பொதுத்துறை நிறுவனங்கள் குழு ஆகிய மூன்றும் பழையவை. அரசு செலவழித்த பணத்தைப் பற்றிக் கேட்பதே அவற்றின் முக்கிய வேலை. ஒவ்வொரு அமைச்சகத்தையும் ஆண்டு முழுவதும் தொடர்ந்து கவனிக்க நெடுங்காலம் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. 1989-ல் வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கு மட்டும் மூன்று குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்த அனுபவத்தின் மேல் எழுந்தவைதான் இன்றைய துறைசார் நிலைக்குழுக்கள். 1993 மார்ச் 31 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் கே.ஆர். நாராயணன் அவற்றைத் தொடங்கிவைத்தார். முதலில் 17 குழுக்கள் இருந்தன. 2004-ல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர். மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 குழுக்கள், குழுவுக்கு 31 பேர் என்றால் 744 இடங்கள். மக்களவையின் 543 உறுப்பினர்களையும் மாநிலங்களவையின் 245 உறுப்பினர்களையும் கூட்டினால் 788 வருகிறது. அமைச்சர்கள் இந்தக் குழுக்களில் இடம்பெற முடியாது. அவர்களைக் கழித்துவிட்டால், ஏறத்தாழ எல்லா எம்.பி.க்களும் ஏதாவதொரு துறைசார் குழுவில் இருக்கிறார்கள் என்றாகிறது. அதற்கு மேல் பலர் பொதுக்கணக்குக் குழுவிலோ மனுக்கள் குழுவிலோ ஏதாவதொரு மசோதாவுக்கான கூட்டுக்குழுவிலோ இருப்பார்கள். ஆக, நேர மோதல் ஆர்வமுள்ள சிலருக்கு மட்டும் வரும் சங்கடம் அன்று. அவையின் மொத்த உறுப்பினர்களுக்கும் அது பொது.

குழு அறைக்குள் என்ன நடக்கிறது? நாடாளுமன்ற இணைப்புக் கட்டடத்தில் நீள்வட்டமாகப் போடப்பட்ட மேசைகள். ஒரு பக்கம் உறுப்பினர்கள், எதிரே துறைச் செயலாளர், அவருக்குப் பின்னால் கோப்புகளோடு கூடுதல் செயலாளர்களும் இணைச் செயலாளர்களும். கேள்விப் பட்டியல் முன்கூட்டியே துறைக்குப் போயிருக்கும். எழுத்துப்பூர்வமான பதில் உறுப்பினர்களின் மேசையில் இருக்கும். சாட்சியம் தொடங்கும் முன், அறிக்கை அவையில் வைக்கப்படும்வரை இங்கே சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்று அதிகாரிகளுக்கு விதியை எடுத்துச் சொல்கிறார் தலைவர். பிறகு கேள்விகள். ஒதுக்கிய பணத்தில் மூன்றாம் காலாண்டு வரை எவ்வளவு செலவாயிற்று, ஏன் இவ்வளவு குறைவு, போன ஆண்டு நாங்கள் சொன்ன பரிந்துரை என்னவாயிற்று? பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த கேள்வி வரும். அதிலும் தெளிவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள் என்பார்கள்.

அவையின் கேள்வி நேரத்தில் இந்த வாய்ப்பு கிடைக்காது. அங்கே ஒரு கேள்வி, ஒன்றிரண்டு துணைக் கேள்விகள், அமைச்சரின் பதில், அடுத்த கேள்வி என்று போய்விடும். குழுவில் ஒரே விஷயத்தை இரண்டு மணி நேரம் குடைய முடியும். இன்னொரு முக்கியமான வேறுபாடும் இருக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களிப்பவரின் பதவியைப் பறிக்க வழிசெய்கிறது. அந்தக் கத்தி குழு அறைக்குள் நீளாது. கேமராவும் இல்லாததால் ஆளுங்கட்சி உறுப்பினரே தன் அரசின் துறையைக் கடுமையாகக் கேட்க முடிகிறது. எதிரும் புதிருமாக இருக்கும் கட்சிகள் ஒரே அறிக்கையில் ஒத்துப்போவது அங்கே அபூர்வம் இல்லை. இந்தக் குழு முறை நம் ஜனநாயகத்தின் மிக நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். அதனாலேயே அது நேரமில்லாமல் திணறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இனி நேரத்துக்கு வருவோம். அவை கூடியிருக்கும்போதே குழுவும் கூடலாம் என்கிறது மக்களவை விதி. அதோடு ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அவையில் வாக்கெடுப்புக்கு மணி அடித்தால், உறுப்பினர்கள் போய் வாக்களித்துவிட்டு வரும்வரை தலைவர் குழுவின் நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். மக்களவையில் அந்த மணி மூன்றரை நிமிடம் ஒலிக்கும், அதன்பின் கதவுகள் அடைக்கப்படும். இணைப்புக் கட்டடம் தனிக் கட்டடம். அங்கே உட்கார்ந்திருப்பவர் மணிச் சத்தத்துக்கு எழுந்து நடந்து போய்ச் சேர வேண்டும்.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். குழு கூடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வருகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது பத்துப் பேர் அளவில். மக்களவையில் வாக்கெடுப்பு வந்து அந்த அவையின் உறுப்பினர்கள் எழுந்து போய்விட்டால், மாநிலங்களவைக்காரர்கள் பத்துப் பேரும் ஒருவர் விடாமல் வந்திருந்தால்தான் அந்த எண்ணிக்கை தேறும். நடைமுறையில் அப்படி யாரும் வந்திருப்பதில்லை. ஆகவே நிறுத்திவைப்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. செயலாளரும் அவரோடு வந்த அதிகாரிகளும் காத்திருப்பார்கள். வாக்கெடுப்புகள் அடுத்தடுத்து வந்தால் அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.

வாக்கெடுப்பு வரும் நாள் குறைவு. தினமும் நடக்கும் மோதல் வேறு. கூட்டத்தொடர் காலத்தில் குழுக்கள் பெரும்பாலும் பிற்பகல் 3 மணியை ஒட்டியோ, அவை கூடுவதற்கு முன் காலையிலோ கூடுகின்றன. முற்பகல் கேள்வி நேரத்துக்கும் உடனடிப் பிரச்சினைகளுக்கும் போய்விடுவதால், அவையில் மசோதாக்கள் மீதான விவாதம் சூடுபிடிப்பதும் பிற்பகலில்தான். ஒரு கட்சிக்கு ஒரு மசோதா மீது எத்தனை நிமிடம் என்பது அதன் பலத்தைப் பொறுத்து ஒதுக்கப்படுகிறது. ஆனால் யார் எத்தனை மணிக்கு எழுந்து பேசுவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முன்னால் பேசுபவர் நீட்டிப் பேசலாம். குறுக்கீடு வரலாம். அவை அரை மணி ஒத்திவைக்கப்படலாம். தன் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்த உறுப்பினர் அந்தப் பிற்பகல் முழுவதும் அவையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அழைக்கும்போது இருக்கையில் இல்லாவிட்டால் வாய்ப்பு போய்விடும். அவர் மாதக்கணக்கில் தயார் செய்த கேள்விகளோடு அதே நேரத்தில் குழுவும் கூடியிருந்தால், அந்தக் கேள்விகளை யாரும் கேட்கமாட்டார்கள். துறைச் செயலாளர் நிம்மதியாக வீடு திரும்புவார்.

மாறாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? அவர் அங்கே கேட்ட அருமையான கேள்வியை வாக்காளர் பார்க்கப்போவதில்லை. அறிக்கையிலும் கேள்வி கேட்டவர் பெயரோடு வராது, ‘குழு கருதுகிறது’ என்றுதான் வரும். அவையில் இரண்டு நிமிடம் பேசினால் அது மாலைக்குள் தொகுதியின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று குழுவைத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் உண்மையில் தனக்கு நட்டமான ஒன்றைச் செய்கிறார். குழுக்களில் வருகை ஏறத்தாழப் பாதிதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவருகிறது. மாநிலங்களவைத் தலைவராக இருந்த வெங்கையா நாயுடு தன் அவையின் குழுக்களில் வருகைக் குறைவைப் பலமுறை பகிரங்கமாக எடுத்துச் சொல்லி வருந்தினார். அவர் வருந்தியது நியாயம். ஆனால் வருகைப் பதிவை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும்.

முழுக் கதையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏதாவதொரு நிலைக்குழு அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் பின்னிணைப்பாக இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த எண்ணுள்ள அறை, வந்திருந்த உறுப்பினர்கள் யார் யார், சாட்சியம் சொன்ன அதிகாரிகள் யார் யார் என்று எல்லாம் வரிசையாக அச்சாகியிருக்கும். அதே தேதியில், அதே மணிக்கு அவையில் என்ன நடந்தது என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் உள்ள விவாதப் பதிவில் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவையில் இல்லாதவர் எங்கே இருந்தார் என்பதும் குழுவில் இல்லாதவர் எங்கே பேசிக்கொண்டிருந்தார் என்பதும் துலங்கும். எம்.பி.க்களுக்கு மதிப்பெண் போடும் பட்டியல்கள் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை. அவைக்கு வந்து வருகையைப் பதிவுசெய்துவிட்டால் அன்று முழுவதும் வந்தவர் என்றே கணக்கு. பிறகு அவர் குழுவுக்குப் போனாரா விமான நிலையத்துக்குப் போனாரா என்பதை அந்த எண் சொல்லாது.

அப்படியானால் குழுக்களைக் கூட்டத்தொடர் இல்லாத நாள்களில் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். கூட்டுகிறார்கள், கணிசமான கூட்டங்கள் அப்படித்தான் நடக்கின்றன. சிக்கல் அங்கே வேறு உருவில் வருகிறது. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ ஒருவர் டெல்லிக்கு வந்து போக வேண்டும். ஒரு நாள் போக, ஒரு நாள் இருக்க, ஒரு நாள் திரும்ப. தொகுதியில் அந்த நாள்களில் திறப்பு விழாவும் துக்க வீடும் மனு வாங்கும் கூட்டமும் இருக்கும். கூட்டத்தொடர் நடக்கும்போது எல்லாரும் டெல்லியில் இருக்கிறார்கள். அதனால்தான் குழுத் தலைவர்கள் அந்த நாள்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. உறுப்பினர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நாள்களும் அவை நடக்கும் நாள்களும் ஒன்றாகவே இருக்கின்றன. மோதலின் வேர் இதுதான்.

இந்த வேரைத் தொடும் தீர்வு ஒன்று நம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை நடைமுறைக்கும் வருகிறது. பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவே வரும் இடைவேளைதான் அது. பலர் அதை எம்.பி.க்களுக்கான விடுமுறை என்று நினைக்கிறார்கள். மக்களவை விதி 331ஜி சொல்வது வேறு: பட்ஜெட் மீதான பொது விவாதம் முடிந்ததும் அவைகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒத்திவைக்கப்படும், அந்தக் காலத்தில் நிலைக்குழுக்கள் தத்தம் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். 2025-ல் ஜனவரி 31 அன்று தொடங்கிய கூட்டத்தொடர் பிப்ரவரி 13 அன்று நின்று, மார்ச் 10 அன்று மீண்டும் கூடியது. இடையில் கிடைத்த மூன்று வாரத்துக்கும் மேலான காலம் குழுக்களுக்கு உரியது. அந்த வாரங்களில் அவை மணி அடிக்காது, பேச்சாளர் பட்டியல் இல்லை, கொறடாவின் அழைப்பு இல்லை. குழுக்களின் கனமான அறிக்கைகளில் பல இந்த வாரங்களின் உழைப்பில் பிறந்தவை.

கேரளம் இதை முன்னதாகவே செய்து காட்டியது. அங்கே 1980-லேயே துறைவாரியான பொருள் குழுக்கள் சட்டப்பேரவையில் அமைக்கப்பட்டன. பட்ஜெட் மீதான பொது விவாதத்துக்குப் பிறகு பேரவை நின்று, குழுக்கள் மானியக் கோரிக்கைகளைப் பார்த்துத் தந்த பின்பு மீண்டும் கூடும். தமிழ்நாட்டில் மரபு வேறு. இங்கே துறைசார் குழுக்கள் கிடையாது. மானியக் கோரிக்கைகள் ஒவ்வொரு துறையாகப் பேரவையிலேயே விவாதிக்கப்படுகின்றன. கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படும், உறுப்பினர்கள் பேசுவார்கள், அமைச்சர் பதிலளித்து அறிவிப்புகளை வாசிப்பார். மோதல் என்ற பிரச்சினையே இல்லை. ஆனால் ஒரு துறைச் செயலாளரை எதிரே வைத்து இரண்டு மணி நேரம் வரவு செலவைக் கேட்கும் இடமும் இல்லை. டெல்லியின் நெருக்கடியைப் பார்த்து, குழுவே இல்லாவிட்டால் நிம்மதி என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

டெல்லியில் இந்த நல்ல இடைவேளையும் எப்போதும் கிடைப்பதில்லை. தேர்தல் ஆண்டுகளில் முழு பட்ஜெட் ஜூலையில் வருகிறது. 2019-லும் 2024-லும் அப்படித்தான். இரண்டு முறையும் செப்டம்பரில்தான் குழுக்கள் அமைக்கப்பட்டன. அதற்குள் பட்ஜெட் நிறைவேறிவிட்டது. லட்சக்கணக்கான கோடி ரூபாய்க்கான கோரிக்கைகளை, நிறைவேறுவதற்கு முன்பு ஒரு குழுகூடப் பார்க்கவில்லை. குழு பார்த்துத் தந்த ஆண்டுகளிலும் அடுத்த படி தடுக்கிவிடுவதுண்டு. அறிக்கைகள் மார்ச் மத்தியில் வந்து குவியும். அவற்றைப் படித்துவிட்டுப் பேச அவையில் சில நாள்களே மிஞ்சும். சில அமைச்சகங்களை மட்டும் விவாதித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடுவார்கள். கில்லட்டின் என்று அதற்குப் பெயர். 2018-லும் 2023-லும் அமளிக்கு நடுவே மக்களவையில் ஒரு அமைச்சகத்தின் கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் முழுவதும் அப்படியே நிறைவேறியது. குழு அறையில் நடந்த உழைப்புக்கு அவையில் செவி கிடைக்காமல் போவதும் நேர மோதலின் இன்னொரு முகம்தான்.

வேறு நாடுகள் இதே முடிச்சை எப்படி அவிழ்த்திருக்கின்றன என்று பார்ப்பது பயன்தரும்.

பிரிட்டனின் மக்களவை, மோதலோடு வாழக் கற்றுக்கொண்ட அவை. 1979-ல் துறைசார் தேர்வுக் குழுக்கள் அங்கே வந்தன. அவை நடக்கும்போதே அந்தக் குழுக்களும் கூடுகின்றன. வாக்கெடுப்பு மணி அடித்தால் எட்டு நிமிடத்துக்குள் வாக்களிக்கப் போக வேண்டும். தலைவர் விசாரணையைக் கால் மணி நேரம் நிறுத்திவைப்பார், சாட்சிகள் காத்திருப்பார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். அங்கே இது ஓரளவு தாங்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2010-ல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான குழுக்களின் அளவு 11 பேர் என்று சுருங்கியது. பெரும்பாலான குழுத் தலைவர்களை அவையே ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. விசாரணைகள் நேரலையில் ஒளிபரப்பாகின்றன. குழுவில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரை அவருடைய தொகுதி பார்க்க முடியும். அங்கிருப்பதால் அவருக்கு இழப்பு இல்லை.

ஜெர்மனியின் கூட்டாட்சி நாடாளுமன்றம் வாரத்தையே பங்குபோட்டிருக்கிறது. கூட்ட வாரங்களில் திங்களும் செவ்வாயும் கட்சிக் கூட்டங்களுக்கு, புதன் காலை குழுக்களுக்கு, புதன் பிற்பகலிலிருந்து வெள்ளி வரை அவைக்கு. அவை நடக்கும்போது குழு கூட வேண்டுமென்றால் அவைத் தலைவரின் அனுமதி வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆண்டையே பிரித்துவிடுகிறது. அதன் நாள்காட்டியில் குழு வாரங்கள் இளஞ்சிவப்பு, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடக்கும் அவை வாரங்கள் சிவப்பு, கட்சிக் குழுக்களின் வாரங்கள் நீலம். எந்த வாரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பது உறுப்பினருக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும்.

தடையை விதியாக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க செனட் ஒரு பாடம். அவை கூடி இரண்டு மணி நேரம் ஆனபின்போ பிற்பகல் 2 மணிக்குப் பின்போ, சிறப்பு ஒப்புதல் இல்லாமல் பெரும்பாலான குழுக்கள் அங்கே கூட முடியாது. செனட்டர்கள் விவாதத்தைத் தவறவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுந்த விதி. வழக்கமாக யாரும் ஆட்சேபிப்பதில்லை, குழுக்கள் கூடிவிடும். ஆனால் ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் கூட்டம் நின்றுவிடும். 2010 மார்ச்சில் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் மீதான கோபத்தில் எதிர்க்கட்சி அப்படி ஆட்சேபித்தது. ராணுவ விவகாரக் குழுவின் முன் சாட்சியம் சொல்ல ஹவாயிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்திருந்த படைத் தளபதிகளின் விசாரணை தள்ளிவைக்கப்பட்டது. சட்டத்துக்கும் அந்த விசாரணைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே, ‘அவை நடக்கும்போது குழு கூடவே கூடாது’ என்று நம் விதியில் ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அமளியில் அவை முடங்கிக் கிடக்கும் நாள்களில் நம் குழுக்கள் ஓசையின்றி வேலை செய்துகொண்டிருக்கின்றன. தடை வந்தால் அதுவும் முடங்கும்.

ஜெர்மனியின் வழிதான் நமக்குப் பொருத்தமாகப் படுகிறது. கூட்டத்தொடர் வாரங்களில் ஒரு நாளையோ, குறைந்தது ஒரு நாளின் பாதியையோ குழுக்களுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் இரு அவைகளும் கூடாமல் இருக்க வேண்டும். துறைசார் குழுக்கள் இரு அவைக்கும் பொதுவானவை என்பதால், ஒரு அவை மட்டும் விலகினால் பயனில்லை. வெள்ளிக்கிழமைப் பிற்பகலைக் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது தனிநபர் மசோதாக்களுக்கான நேரம். அமைச்சராக இல்லாத உறுப்பினர் சொந்தமாக ஒரு சட்டத்தை முன்வைக்க அவருக்குக் கிடைக்கும் ஒரே இடம் அது. அதைப் பறித்துக் குழுவுக்குக் கொடுப்பது சரியாகாது. புதன்கிழமை நல்ல தேர்வாக இருக்கும். வாரத்தின் நடுநாள் என்பதால் எல்லாரும் டெல்லியில் இருப்பார்கள்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் மக்களவை ஐந்தாண்டுகளில் 677 நாள் கூடியது. 17-வது மக்களவை 274 நாள்தான், ஆண்டுக்குச் சராசரி 55. இருக்கிற நாள்களே இவ்வளவு சுருங்கிவிட்ட நிலையில் வாரத்துக்கு ஒரு நாளைக் குழுவுக்குக் கொடுத்தால் அவை இன்னும் மெலியும். அரசைக் கேள்வி கேட்கும் நேரம் குறைவது எந்த அரசுக்கும் கசக்காது. அதனால் குழு நாள்கள் இப்போதுள்ள அவை நாள்களுக்கு மேல் கூடுதலாக வர வேண்டுமே தவிர, அவற்றிலிருந்து வெட்டி எடுக்கப்படக் கூடாது. நான்கு வாரக் கூட்டத்தொடரில் நான்கு புதன்கிழமைகளை ஒதுக்கினால் கூட்டத்தொடர் ஐந்தாவது வாரத்துக்குள் நான்கு நாள் நீள வேண்டும். நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியல் சட்ட மறுஆய்வு ஆணையம் 2002-லேயே மக்களவைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள், மாநிலங்களவைக்கு 100 நாள் என்று பரிந்துரைத்தது. அந்த எண்ணிக்கையில் பாதியைத்தான் இன்று எட்டுகிறோம். நாள்கள் போதுமான அளவில் இருந்திருந்தால் இந்த மோதலில் பெரும்பகுதி எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

மசோதாக்களின் நிலையும் இதோடு சேர்ந்தது. பிஆர்எஸ் ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-வது மக்களவையில் அது 16 சதவீதமாகச் சரிந்தது. குழுவுக்குப் போகாத மசோதாவை வரிவரியாகப் பார்க்க மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அவையின் பிற்பகல் விவாதம். அந்தத் துறையை ஆண்டுக்கணக்கில் படித்த உறுப்பினர், அதே பிற்பகலில் அதே துறையின் குழுவில் வேறொரு விஷயத்துக்காக உட்கார்ந்திருந்தால், சட்டத்தின் ஓட்டையை எடுத்துச் சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டிய இடத்தில் இல்லாமல் போகிறார். குறைந்தபட்சம் ஒரு அமைச்சகத்தின் மசோதா அவையில் விவாதிக்கப்படும் பிற்பகலில் அந்த அமைச்சகத்துக்கான குழு கூடாமல் பார்த்துக்கொள்வதாவது உடனே செய்யக்கூடியது. இதற்கு விதித் திருத்தம் வேண்டாம். அலுவல் ஆய்வுக்குழு அடுத்த வாரத்து அலுவலை முடிவுசெய்ததும் அந்தப் பட்டியல் 24 குழுத் தலைவர்களின் கைக்கும் போனால் போதும்.

ஜெர்மனியில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாற்று உறுப்பினர் என்ற வழக்கம் அங்கே உண்டு. ஒருவர் அவையில் பேச வேண்டியிருந்தால் அவருடைய கட்சியிலிருந்து இன்னொருவர் குழுவில் உட்காருவார். நம் நிலைக்குழுக்களில் மாற்றுக்கு இடமில்லை. பெரிய கட்சிகளுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. 31 பேர் கொண்ட குழுவில் அவர்களுக்குப் பத்து, பன்னிரண்டு இடங்கள் இருக்கும், இரண்டு பேர் எழுந்து போனாலும் மற்றவர்கள் கேட்பார்கள். ஒன்றிரண்டு உறுப்பினர்கள் மட்டுமே உள்ள கட்சிகளின் பாடுதான் கடினம். அப்படிப்பட்ட கட்சிகள் தமிழ்நாட்டிலிருந்தும் டெல்லிக்குப் போயிருக்கின்றன, வடகிழக்கிலிருந்தும் போயிருக்கின்றன. ஒரு மசோதா மீது அந்தக் கட்சிக்கு ஒதுக்கப்படும் இரண்டு மூன்று நிமிடங்களில் அவர்தான் பேச வேண்டும். குழுவிலும் அவர்தான் இருக்க வேண்டும். மாற்று உறுப்பினர் முறை வந்தாலும் அவருக்குப் பதிலாக அனுப்ப அந்தக் கட்சியில் வேறு ஆள் கிடையாது. அவருக்கு வாக்களித்த மக்களின் குரல் அவையிலும் குழுவிலும் கேட்க வேண்டுமானால், இரண்டும் வெவ்வேறு நாளில் நடந்தாக வேண்டும்.